கோச்சாக இருந்து மின்மடல் வழியாகச் சம்பாதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

யோகா, உடற்பயிற்சி, வேலைவாய்ப்பு, மேடைப் பேச்சு, வீட்டு நிதித் திட்டம் என்று ஏதோ ஒன்றில் கோச்சாக இருக்கும் பலருக்கு இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்கள் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த மாதம் தொடங்கும் பேட்ச்சில் ஆறு பேர் சேருவார்களா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ரீல் பார்ப்பவரெல்லாம் பணம் கட்டிப் பயிற்சிக்கு வருபவர் ஆகிவிடுவதில்லை. அந்த இடைவெளியைக் குறைக்க, எனக்குத் தெரிந்தவரை, மின்மடலைவிட நல்ல வழி கிடையாது. அதற்கும் சில நூறு பேர் உள்ள சின்னப் பட்டியலே போதும்.

சில நூறு பேர் எப்படிப் போதும் என்று தோன்றலாம். செய்தி மடல் நடத்துபவருக்கு விளம்பரம்தான் வருமானம், ஆகவே அவருக்குக் கூட்டம் வேண்டும். கோச்சிடம் ஒருவர் சேர்ந்தாலே ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று வருகிறது. அவர் சேருவதற்கு முன்னால் உங்களை நம்ப வேண்டும், தன் பிரச்சினையை உங்களிடம் சொல்லத் துணிய வேண்டும். மடலைப் படித்துவிட்டு ஒருவர் 'ரிப்ளை' அழுத்தி நாலு வரி எழுதுகிறார் பாருங்கள், கோச்சின் வருமானம் அந்த நாலு வரியில்தான் தொடங்குகிறது. இந்த வழிகாட்டியில் சொல்லும் எல்லாமே அந்தப் பதிலை வரவைப்பதற்காகவும், வந்த பதிலை மரியாதையோடு நடத்துவதற்காகவும்தான்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டு, சில வருடம் கழித்து மறுபடி ஐடி வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்களுக்குப் பயிற்சி தரும் ஒரு சென்னை கோச். உங்கள் துறை வேறாக இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை ஒன்றுதான்.

முதலில்: உங்கள் ஆட்கள் மெயில் பார்ப்பவர்களா?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு மெயில் என்பது பேங்க் ஸ்டேட்மென்ட், ரயில் டிக்கெட், ஆர்டர் ரசீது வந்து விழும் இடம். பேச்சு வார்த்தை எல்லாம் வாட்ஸ்அப்பில். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட இல்லத்தரசிகளுக்கு யோகா சொல்லித் தருகிறீர்கள் என்றால் மின்மடலில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், ஒரு வாட்ஸ்அப் குழுவும் காலை ஆறு மணி வாய்ஸ் மெசேஜும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

மெயிலைத் தினமும் திறக்கும் தமிழர்களும் இருக்கிறார்கள். அலுவலக வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள், சின்ன நிறுவனம் நடத்துபவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள். நம் உதாரணத்தில் உள்ள பெண்கள் வேலைத் தளங்களில் பதிந்து வைத்துவிட்டு அழைப்பு வந்திருக்கிறதா என்று இன்பாக்ஸைத் தவறாமல் பார்ப்பவர்கள். அவர்களுக்கு உங்கள் மடல் சரியான இடத்தில், சரியான மனநிலையில் வந்து சேரும்.

சந்தேகமாக இருந்தால் இதுவரை உங்களிடம் படித்தவர்களில் பத்துப் பேருக்கு போன் செய்து, கடைசியாக எப்போது மெயில் திறந்தீர்கள், எதற்காகத் திறந்தீர்கள் என்று கேளுங்கள்.

மடலுக்கு முன்னால் விற்பதற்கு ஒன்று இருக்கட்டும்

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஒரு வருடம் இலவசமாக எழுதுவோம், ஆயிரம் பேர் சேரட்டும், பிறகு எதை விற்கலாம் என்று பார்ப்போம் என்று நினைக்கிறார்கள். அதற்குள் வாசகர்களுக்கு நீங்கள் இலவசமாக எழுதும் ஒருவராகப் பழகிவிடும், உங்களுக்கும் காசு கேட்கக் கூச்சம் வந்துவிடும். விற்பது என்னவென்று தெரியாமல் எழுதும் மடல் எல்லாத் திசையிலும் அலைவதும் உண்டு.

மூன்று பொருள்கள் போதும். ஒன்று, சின்னது: ரெஸ்யூமைப் பார்த்து அரை மணி நேரம் பேசித் திருத்தித் தருவது, 799 ரூபாய். இரண்டு, பேட்ச்: ஆறு பேர், ஆறு வாரம், ஜூமில் வாரம் ஒரு வகுப்பு, மாதிரி நேர்காணல் இரண்டு, ஆளுக்கு 9,000 ரூபாய். மூன்று, தனிப்பயிற்சி: வேலை கிடைத்துச் சேரும்வரை கூடவே இருப்பது, 25,000 ரூபாய். இந்த விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் அனுபவத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றுங்கள். முக்கியமானது, நடுவில் உள்ள பேட்ச்தான் உங்கள் மாதத்தைத் தாங்கப் போகிறது. சின்னது, வாசகர் உங்களைச் சோதித்துப் பார்க்க. தனிப்பயிற்சியை ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள், எடுத்தால் மடல் எழுத நேரமே இருக்காது.

விலையை நிர்ணயிக்கும்போது, வேலை கிடைத்த பிறகு அந்தப் பெண்ணின் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பாருங்கள். அதில் ஒரு சிறு பகுதிதான் உங்கள் கட்டணம் என்றால் நீங்களும் தைரியமாகச் சொல்லலாம், வீட்டில் கணவரிடமோ மாமியாரிடமோ அவரும் தைரியமாகச் சொல்லலாம். நம் வீடுகளில் இந்தப் பணத்தைத் தனியாக முடிவு செய்ய முடியாத பெண்கள் நிறைய. அவர் வீட்டில் காட்டிப் பேசுவதற்கு ஒரு பக்க விவரம், வகுப்பு நேரம், கட்டணம், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எல்லாம் எழுத்தில் தயாராக இருக்கட்டும்.

தொழில்நுட்ப வேலை: ஒரு சனிக்கிழமையில் முடியும்

உங்கள் பெயரில் ஒரு டொமைன் (உங்களுக்கே சொந்தமான இணைய முகவரி) வாங்குங்கள், மடல் அந்த முகவரியிலிருந்தே போகட்டும். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாரில் கிடைக்கும். உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து நியூஸ்லெட்டர் அனுப்ப வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பி.சி.சி.யில் போட்டு அனுப்பினால் விலகும் இணைப்பு (அன்சப்ஸ்கிரைப்) இருக்காது, வேண்டாம் என்று நினைப்பவர் வேறு வழியில்லாமல் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் நியூஸ்லெட்டர் கருவிக்குள் போய் அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியைப் போட்டாலோ, அது ஜிமெயில் சர்வரிலிருந்து வராததால் போலி என்று சந்தேகிக்கப்படும்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி-மார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி தர வேண்டும். நாம் அந்த அளவுக்கு அனுப்பப் போவதில்லை என்றாலும் மூன்றையும் வைத்துவிடுங்கள். இந்த மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்கும் மூன்று சான்றுகள் இவை. நீங்கள் சேரும் கருவியே சில வரிகளைத் தரும், டொமைன் வாங்கிய இடத்தில் டி.என்.எஸ். என்ற அமைப்புப் பக்கத்தில் அவற்றை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கருவி எது? ஜோஹோ கேம்பெய்ன்ஸ், பிரெவோ, மெய்லர்லைட், கிட் இவற்றில் எதுவும் தொடக்கத்துக்குப் போதும், எல்லாவற்றிலும் இலவசத் திட்டம் உண்டு. வித்தியாசம் எண்ணும் முறையில் இருக்கிறது: கிட் வாசகர் எண்ணிக்கையைப் பார்க்கிறது, பிரெவோவின் இலவசத் திட்டம் நாளுக்கு 300 மெயில் என்று கணக்கிடுகிறது, ஆகவே 400 வாசகர் இருந்தால் ஒரே நாளில் எல்லோருக்கும் போகாது. இந்த வரம்புகள் அடிக்கடி மாறுகின்றன, பதியும் அன்று விலைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வாரத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்யாதீர்கள். பட்டியலைப் பதிவிறக்கி வேறு கருவிக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மெயிலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும், மீதியைப் பார்க்கத் தனியாக ஓர் இணைப்பை அழுத்த வேண்டும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட், தமிழில் எழுத்தும் அதன் மேல் ஏறும் குறியும் தனித்தனியாக மூன்று மூன்று பைட், அதாவது 'கு' என்று ஓர் எழுத்து போட்டால் ஆறு பைட். எழுத்து மட்டும் இருந்தால் எல்லையைத் தொட மாட்டீர்கள். ஆனால் கலர் கலராக டெம்ப்ளேட், பெட்டி, பொத்தான், அடியில் ஏழு ஐகான் என்று சேர்த்தால் தொட்டுவிடுவீர்கள். வெட்டப்படும்போது அடியிலுள்ள விலகும் இணைப்பும் மறைந்துவிடுகிறது, அப்புறம் பழையபடி ஸ்பேம் பொத்தான்தான். ஆகவே வெறும் எழுத்தாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்புக்குப் போஸ்டர் செய்து பழகியவர்கள் அதே போஸ்டரை மெயிலில் படமாகப் போட்டு அனுப்புகிறார்கள். அது விளம்பரம் போலத்தான் தெரியும், அதற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள்.

அனுப்புநர் பெயரில் உங்கள் பெயரை ஆங்கில எழுத்திலும் வையுங்கள். இன்பாக்ஸில் தேடும்போது பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் தட்டுகிறார்கள். பதில் முகவரி நீங்கள் தினமும் பார்க்கும் இன்பாக்ஸாக இருக்க வேண்டும்.

முதல் நூறு பேர்

கையில் இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். பழைய மாணவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், வாட்ஸ்அப்பில் அவ்வப்போது கேள்வி கேட்பவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: "புதன்கிழமைதோறும் ஒரு மடல் எழுதப் போகிறேன், இடைவெளிக்குப் பிறகு ஐடிக்குத் திரும்புவது பற்றி. உங்களுக்கு வேண்டுமா? இல்லை உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது பயன்படுமா?" இரண்டாவது கேள்விதான் அதிகம் பலன் தரும். நம் ஆட்கள் தனக்கென்று கேட்கத் தயங்குவார்கள், நாத்தனாருக்கு, பக்கத்து ஃபிளாட் பெண்ணுக்கு என்றால் உடனே எண்ணைத் தருவார்கள். எண்ணை வாங்கி நீங்களே சேர்த்துவிடாதீர்கள், பதிவு இணைப்பைக் கொடுத்து அவரே சேரட்டும்.

அடுத்து, பதிவு செய்பவருக்கு ஒரு பரிசு. அறுபது பக்க இ-புத்தகம் எல்லாம் வேண்டாம், யாரும் படிப்பதில்லை. ஒரே பிரச்சினையைத் தீர்க்கும் ஒரு பக்கம் போதும். "ரெஸ்யூமில் இடைவெளியை எப்படி எழுதுவது: ஐந்து மாதிரி வரிகள்" என்பது போல. அதை லிங்க்ட்இன்னில், இன்ஸ்டா பயோவில், யூடியூப் விளக்கத்தில் வையுங்கள். குடியிருப்பு சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள், கல்லூரி முன்னாள் மாணவர் குழுக்கள் இவற்றில் அட்மினிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். இலவசமாக ஒரு மணி நேர ஜூம் வகுப்பு நடத்தினால், பதிவுப் படிவத்தில் "வாராந்தர மடலும் வேண்டும்" என்று தனியாக ஒரு டிக் பெட்டி இருக்கட்டும், அது முன்கூட்டியே டிக் ஆகி இருக்கக் கூடாது.

பட்டியல் விலைக்கு வாங்குவதை நினைக்கவே வேண்டாம். உங்களைத் தெரியாதவர் ஸ்பேம் அழுத்துவார், அதனால் உங்களைக் கேட்டு வாங்கியவருக்கும் மெயில் போய்ச் சேராது. சட்டமும் இருக்கிறது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தெளிவாகவும் குறிப்பிட்ட காரியத்துக்காகவும் இருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ வாசகர்கள் சேர்ந்தால் அங்கத்திய விதிகளும் இதே திசைதான், இன்னும் கண்டிப்பு. பதிந்தவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் போய், அதை அழுத்திய பிறகே பட்டியலில் சேரும்படி அமைத்துவிட்டால் தப்பான முகவரிகளும் உள்ளே வராது, சம்மதத்துக்கும் பதிவு இருக்கும்.

வரவேற்பு மடல்: இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள்

ஒருவர் பதிந்த அந்த நிமிடத்தில்தான் உங்கள் மேல் அவருக்கு ஆர்வம் அதிகம். தானாகப் போகும் முதல் மடலில் ஒரு கேள்வி கேளுங்கள். இப்படி:

"வணக்கம். நீங்கள் கேட்ட ஐந்து மாதிரி வரிகள் கீழே உள்ள இணைப்பில் இருக்கின்றன. இனி புதன்கிழமை காலையில் என் மடல் வரும். இப்போது ஒரு கேள்வி: மறுபடி வேலைக்குப் போகலாம் என்று நினைக்கும்போது முதலில் என்ன தடை கண்முன் வருகிறது? ஒரு வரி எழுதினாலும் போதும். தமிழ், தங்கிலீஷ், ஆங்கிலம், எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். நானே படிப்பேன், நானே பதில் எழுதுவேன்."

தங்கிலீஷ் என்று சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். மெயில் என்றாலே ஆங்கிலத்தில் "ரெஸ்பெக்டட் மேடம்" என்று ஆரம்பிக்க வேண்டும் என்ற பயம் நம்மில் பலருக்குப் பள்ளியிலிருந்தே இருக்கிறது. அந்தப் பயத்தை நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் இப்படி வரும்: "மேடம், எட்டு வருஷம் கேப். முன்னாடி டெஸ்டிங்ல இருந்தேன். இப்ப எல்லாமே மாறிடுச்சு. ரெஸ்யூம் திறந்தாலே கை நடுங்குது. வீட்ல கேட்டா இப்ப என்ன அவசரம்னு சொல்றாங்க."

இதற்கு உடனே பேட்ச் விவரத்தை அனுப்பினால் கதை முடிந்தது. அவர் கேட்டது உதவி. ஐந்து நிமிடம் ஒதுக்கி உண்மையான பதில் எழுதுங்கள்: "எட்டு வருஷத்தை மறைக்க வேண்டாம், ரெஸ்யூமில் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், அதற்குக் கீழே கடைசி மூன்று மாதத்தில் என்ன கற்றீர்கள் என்று வரட்டும். டெஸ்டிங்கில் இருந்திருக்கிறீர்கள் என்பது நல்ல விஷயம், ஆட்டோமேஷன் பக்கம் வருவதற்கு உங்களுக்கு அடிப்படை இருக்கிறது. மேனுவல் மட்டுமா, செலினியம் மாதிரி ஆட்டோமேஷன் கருவி தொட்டிருக்கிறீர்களா?" கேள்வியோடு முடியுங்கள், அவர் மறுபடி எழுதுவார். இரண்டு மூன்று முறை போய் வந்தால் நீங்கள் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் ஆகிவிடுவீர்கள். உங்கள் முதல் மடலுக்கு அவர் பதில் எழுதியதால் உங்கள் முகவரி தெரிந்த முகவரி என்று ஜிமெயிலும் எடுத்துக்கொள்ளும், அடுத்த மடல் இன்பாக்ஸில் விழ அது உதவும்.

வந்த பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, பெயர் இல்லாமல், ஒரு தாளில் சேர்த்து வையுங்கள். "ரெஸ்யூம் திறந்தாலே கை நடுங்குது" என்பதைவிட நல்ல தலைப்பை நீங்கள் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது.

வார மடல்

வாரம் ஒன்று, ஒரே கிழமை, ஒரே பிரச்சினை, நானூறிலிருந்து அறுநூறு சொற்கள். எந்தக் கிழமை என்பதைவிட மாறாமல் இருப்பது முக்கியம். நம் உதாரணத்தில் உள்ள பெண்களுக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, பத்து மணி வாக்கில் ஒரு சின்ன இடைவேளை கிடைக்கும், அப்போது அனுப்பலாம்.

ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அவரிடம் அனுமதி வாங்கி, ஊரையும் வேலையையும் மாற்றி எழுதுங்கள். பிறகு நீங்கள் என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார். செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலை. கடைசியில் ஒரு கேள்வி. பொன்மொழியும் ஊக்க உரையும் வேண்டாம், அது வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு நிறைய வருகிறது. "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று எச்.ஆர். கேட்டால் என்ன சொல்வது" என்பதை வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுங்கள். நல்லதையெல்லாம் இலவசத்தில் கொடுத்துவிட்டால் பேட்ச்சில் என்ன இருக்கும் என்ற பயம் தேவையில்லை. விஷயம் தெரிந்தும் தனியாகச் செய்ய முடியாததால்தான் மக்கள் கோச்சிடம் வருகிறார்கள்.

சப்ஜெக்ட் வரியில் நான்கைந்து தமிழ்ச் சொற்களுக்கு மேல் போனால் போன் திரையில் நறுக்கப்பட்டுவிடும். "எட்டு வருஷ கேப், என்ன சொல்வது?" போதும்.

ஒவ்வொரு மடலின் அடியிலும் இரண்டு வரி நிரந்தரமாக இருக்கட்டும்: அடுத்த பேட்ச் எப்போது, ரெஸ்யூம் திருத்தத்துக்கு எங்கே பதிவது. கெஞ்சாமல், மறைக்காமல், தகவலாக. நீங்கள் இதைத் தொழிலாகச் செய்கிறீர்கள் என்பது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருந்தால், விற்கும் நாளில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பதிலிலிருந்து பணம் வரை

பேட்ச் தொடங்க இரண்டு வாரம் முன்பு விற்பனை மடல்கள். நான்கு போதும். முதலாவதில் அறிவிப்பு: யாருக்கானது, யாருக்கு வேண்டாம், தேதி, நேரம், கட்டணம், எத்தனை இடம். யாருக்கு வேண்டாம் என்பதை உண்மையாக எழுதுங்கள், உதாரணமாக "இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் வேலைக்குப் போக முடியும் என்றால் இப்போது சேர வேண்டாம், மடலைப் படித்துக்கொண்டிருங்கள்." இரண்டாவதில் ஆறு வாரமும் என்ன நடக்கும் என்று வாரவாரியாக. மூன்றாவதில் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும், குறிப்பாக வீட்டில் நேரம் கிடைக்காதது, கட்டணத்தைத் தவணையில் கட்டுவது, பாதியில் நின்றால் என்ன என்பவை. நான்காவது கடைசி நாள் நினைவூட்டல், மூன்று வரி. ஆறு இடம் என்று சொன்னால் ஆறுதான், ஏழாவது ஆளுக்கு அடுத்த பேட்ச்.

ஒவ்வொன்றிலும் "சேருங்கள்" பொத்தானுக்குப் பதிலாக, "யோசனையாக இருந்தால் 'பேசலாம்' என்று பதில் எழுதுங்கள், இருபது நிமிடம் போனில் பேசுவோம்" என்று வையுங்கள். ஒன்பதாயிரம் ரூபாயை முகம் தெரியாத பொத்தானில் கட்ட நம் ஆட்கள் தயங்குவார்கள், ஒரு தடவை குரல் கேட்டுவிட்டால் தயக்கம் பாதி போய்விடும். அந்த இருபது நிமிடத்தில் முதல் பதினைந்து நிமிடம் அவர் பேச வேண்டும். அவருக்கு இந்தப் பேட்ச் பொருந்தாது என்று தெரிந்தால் அதையே சொல்லுங்கள். அவர் தன் தோழிகளை அனுப்புவார்.

பணம் வாங்க, நேரடி யு.பி.ஐ.யில் செலவு இல்லை, ஆனால் யார் கட்டினார் என்று நீங்களே தேடிக் குறிக்க வேண்டும். ரேஸர்பே, இன்ஸ்டாமோஜோ மாதிரி இடங்களில் கட்டண இணைப்பு உருவாக்கினால் ரசீது தானாகப் போகும். வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொண்டால், 9,000 ரூபாயில் 212 ரூபாய் சொச்சம் கழியும், ஆறு பேருக்கு 54,000 வந்து சுமார் 1,275 போகும். பேட்ச்சுக்கு அது நியாயமான செலவு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு பேபால் உதவும், இந்தியாவுக்குள் கட்டுவதற்கு அது 2021 ஏப்ரலிலிருந்து இல்லை.

வேலை கிடைத்தவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளை மடலில் போட ஆசை வரும். போடலாம், ஆனால் 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு வகுத்த விதிகளைப் பின்பற்றுங்கள்: வெற்றி பெற்றவரின் பெயர், படம், கருத்து எதையும் அவர் வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்கியே போட வேண்டும், உத்தரவாதம் என்று பொய்யாகச் சொல்லக் கூடாது. அது ஐம்பது மாணவருக்கு மேல் உள்ள மையங்களைக் குறிவைத்தது, நம்மைப் போன்ற சிறிய கோச்சுகளுக்கு நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். இருந்தாலும் "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று எழுதும் கோச்சுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வேலையைக் கொடுப்பது கம்பெனி. நாம் எப்படி உத்தரவாதம் தர முடியும்?

மற்ற வருமானங்கள்

விளம்பரம்: 500 வாசகருக்கு, ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் ஒருவர் கொடுத்தாலும் 500 ரூபாய். அதற்காக வாசகரின் நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள். அஃபிலியேட், அதாவது மற்றவர் பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குவது: நீங்களே பயன்படுத்திய கோர்ஸோ கருவியோ என்றால் சரி, கமிஷன் வருகிறது என்பதை அதே வரியில் சொல்லிவிடுங்கள்.

சந்தா கட்டிப் படிக்கும் மடல் பற்றித்தான் நிறைய பேர் கேட்கிறார்கள். சந்தா மடல் நடத்தும் தளமான சப்ஸ்டாக்கில் 10 சதவீதம் அவர்களுக்கு, பணம் வருவது ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியாக. ஸ்ட்ரைப்போ இந்தியாவில் புதியவர்களை அழைப்பின் பேரில் மட்டுமே சேர்க்கிறது. அது தவிர, 2021 அக்டோபரிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்த முறைப்படி, ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வாசகருக்குத் தகவல் போகிறது. நுகர்வோருக்கு நல்ல விதி. ஆனால் மாதம் 149 ரூபாய்க்கு மடல் விற்பவருக்கு, மாதாமாதம் 'நிறுத்தட்டுமா' என்று வாசகரை யோசிக்க வைப்பது போலத்தான் ஆகிறது. கோச் ஒருவர் முதல் வருடத்தில் இதற்குள் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் வேண்டுமானால் வருடச் சந்தாவாக, ஒரே தடவைக் கட்டணமாக, மாதம் ஒரு குழு ஜூமோடு சேர்த்துத் தாருங்கள்.

எந்த எண்ணைப் பார்ப்பது

மடலை எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்று கருவி காட்டும் திறப்பு விகிதத்தை நம்பாதீர்கள். ஆப்பிள் 2021ல் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, கருவி அதைத் திறந்ததாக எண்ணிக்கொள்கிறது. பதில்கள் எத்தனை, போன் பேச்சு எத்தனை, சேர்ந்தவர் எத்தனை என்று ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எழுதுங்கள். ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது, இது கூகுளே சொல்லும் அளவு. ஆயிரம் மெயிலுக்கு ஒரு புகார்தான் எல்லை என்றால், 300 பேர் பட்டியலில் ஒருவர் அழுத்தினாலே எல்லை தாண்டிவிடும். அதனால்தான் விலகும் இணைப்பை மடலின் மேற்பகுதியிலும் ஒன்று வையுங்கள் என்கிறேன். ஆறு மாதமாக எதையும் அழுத்தாத, எழுதாத வாசகருக்கு "இன்னும் வேண்டுமா?" என்று ஒரு மடல் அனுப்பி, பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

கணக்கு

பயிற்சிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், ஒவ்வொருவருக்கும் வரிசை எண்ணோடு ரசீது கொடுங்கள், டொமைன், கருவி, ஜூம், இன்டர்நெட் செலவுகளின் பில்லைச் சேர்த்து வையுங்கள். வருமான வரியில் உங்கள் தொழில் எந்த வகையில் வரும் என்பதை முதல் வருடமே ஓர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பொறுத்தவரை, தமிழ்நாட்டில் சேவை தருபவரின் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் அந்த 20 லட்சத்தில் சேரும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பதிந்த பிறகு 18 சதவீதம். நீங்கள் 9,000 ரூபாயை மாற்றாமல் அப்படியே வாங்கினால் அதில் 1,373 ரூபாய் வரியாகப் போய் 7,627தான் மிஞ்சும். ஆகவே வரவு பதினைந்து லட்சத்தைத் தொடும்போதே அடுத்த பேட்ச்சின் அறிவிப்பு மடலில் கட்டணத்துக்குப் பக்கத்தில் "ஜி.எஸ்.டி. பொருந்தினால் தனி" என்று எழுதத் தொடங்கிவிடுங்கள். பழைய விலை சொல்லி இடம் பிடித்து வைத்தவர்களுக்கு மட்டும் பழைய விலையையே கொடுங்கள்.